இரண்டாவது லொறி: சிறிய நாடு பெரிய அயலவருக்கு வளம் விற்கும்போது

மாசி மாதம் பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் போனவர்களுக்குத் தெரியும்: தாரின் ஒரு பக்கம் வாகனம் ஓடும், மறு பக்கம் நெல் காயும். எங்கள் வீட்டில் ஒரு காலபோகத்துக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. வெட்டு மெசின் காலையிலேயே வந்து போய்விட்டது. வயற்கரையில் நெற்குவியல், மேலே கிழிந்த படங்கு, வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. வந்தது ஒரே ஒரு லொறி. தராசும் லொறிக்காரருடையதுதான்.

“அண்ணை, நெல் பச்சை. மூடைக்கு மூண்டு கிலோ கழிப்பன். சம்மதமெண்டா ஏத்துவம், இல்லாட்டி நான் விசுவமடுப் பக்கம் போறன்.”

“சாக்குக்கு ஒரு கிலோ கழிக்கிறது சரி தம்பி. மிச்சம் ரெண்டு கிலோ எதுக்கு?”

“ஈரத்துக்கு அண்ணை.”

அப்பா வானத்தைப் பார்த்தார். பிறகு “ஏத்துங்கோ” என்றார்.

மூன்று நாள் கழித்துப் பக்கத்து வயல்காரர் அதே ஆளுக்கே நெல் விற்றார். கழிவு ஒரு கிலோதான், விலையும் கூட. அவருடைய நெல் எங்களுடையதைவிடத் திறம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவரிடம் ஒரு சீமெந்துக் களம் இருந்தது, நெல்லை அடுக்கி வைக்க ஒரு கொட்டில் இருந்தது, கைத்தொலைபேசியில் இன்னொரு லொறிக்காரரின் இலக்கமும் இருந்தது.

எரிவாயு, தண்ணீர், மின்சாரம், நிலக்கரி என்று எதையாவது ஒரு சின்ன நாடு தன் பெரிய அயலவருக்கு விற்கும்போது எழும் சச்சரவுகளை விளங்கிக்கொள்ள எனக்கு இந்த லொறியே போதுமாக இருந்தது. ‘வளம் எங்களிடம் இருக்கிறது, ஆகவே பலமும் எங்களிடம்தான்’ என்று சின்ன நாடுகளின் அரசியல்வாதிகள் மேடையில் பேசுவார்கள். குவியல் எங்களிடம்தான் இருந்தது. விலையைச் சொன்னது லொறி. பொருளியலில் இதை ஒற்றை வாங்குநர் சந்தை என்பார்கள்: விற்கப் பலர், வாங்க ஒருவர்.

நாடுகளின் விடயத்தில் இது இன்னும் இறுக்கமானது. நெல்லை மூடை கட்டித் தம்புள்ளைக்காவது கொண்டுபோகலாம். ஆற்றுத் தண்ணீரையும் மின்சாரத்தையும் அப்படிக் கப்பலில் ஏற்ற முடியாது. குழாயோ கம்பியோ சுரங்கமோ அமைக்க வேண்டும், அதற்குப் பல கோடி டொலர் வேண்டும், அது ஒரு திசைக்கு மட்டும்தான் போகும். போட்ட பிறகு கிளப்பி வேறு பக்கம் திருப்ப முடியாது. எனவே அனேகமான தகராறுகள் நான்கு கேள்விகளுக்குள் அடங்கிவிடும். பொருள் யாருடையது? போகும் பாதை யார் கையில்? விலையை எந்தக் கணக்கில் போடுவது? சண்டை வந்தால் தீர்ப்பது யார்?

பாதை

மொங்கோலியாவுக்கு அயலவர் இருவர்தான்: வடக்கே ரஷ்யா, தெற்கே சீனா. கடல் கிடையாது. தோண்டி எடுக்கும் நிலக்கரியும் செம்பும் பெரும்பாலும் சீனாவுக்கே போகின்றன. அந்த நாட்டின் மொத்த ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் சீனாவுக்குத்தான். 2016 நவம்பரில் தலாய் லாமா மொங்கோலியாவுக்கு வந்து போனார். அது மதப் பயணம் என்று மொங்கோலியா சொன்னது. சீனா பேச்சுவார்த்தைகளை நிறுத்தியது, எல்லையைக் கடக்கும் நிலக்கரி, செம்பு லொறிகளுக்குப் புதிய கட்டணங்கள் வந்தன. டிசம்பர் முடிவதற்குள், இனி அவரை அழைக்கமாட்டோம் என்று மொங்கோலிய வெளிவிவகார அமைச்சர் அறிவித்தார். நிலக்கரியின் விலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். பாதையை வைத்திருப்பவர் பாதைக்குச் சம்பந்தமில்லாத விடயத்துக்கும் அதைப் பாவிக்கலாம்.

இதற்கு மொங்கோலியா வைத்திருக்கும் மருந்து ‘மூன்றாவது அயலவர்’ கொள்கை. அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா, ஐரோப்பா என்று தொலைவில் உள்ளவர்களோடும் அயலவரைப்போல உறவு வைத்திருப்பது. நல்ல யோசனைதான். ஆனால் ஜப்பானுக்கு அனுப்பும் நிலக்கரியும் சீனாவையோ ரஷ்யாவையோ கடந்துதான் துறைமுகத்துக்குப் போக வேண்டும்.

நேபாளத்துக்கும் இதே இக்கட்டு. நீர்மின்சாரம் மிஞ்சும்போது இந்தியாவுக்கு விற்கிறது. சீன முதலீடு கலந்த நிலையங்களின் மின்சாரத்தை இந்தியா வாங்குவதில்லை. பங்களாதேசத்துக்கு விற்கலாமே என்றால் இடையில் இருப்பது இந்திய மண். கடைசியில் 2024 ஒக்டோபரில் மூன்று நாடுகளும் சேர்ந்து ஒப்பந்தம் செய்தன. இந்தியக் கம்பிகள் வழியாக 40 மெகாவாட் பங்களாதேசத்துக்குப் போகலாம். தொகை மிகச் சிறியது. இருந்தாலும் நேபாளத்துக்கு முதல் முறையாக இரண்டாவது லொறி ஒன்று வந்திருக்கிறது, அது முதல் லொறிக்காரரின் ஒழுங்கையால் வந்தாலும்கூட.

விலை: லெசோதோவும் இரணைமடுவும்

விலைக் கணக்கை விளக்க லெசோதோவைப்போல நல்ல உதாரணம் கிடையாது. எங்கள் வட மாகாணத்தைப்போல மூன்று மடங்கைவிடச் சற்றுப் பெரிய நாடு. நான்கு பக்கமும் தென்னாபிரிக்கா. இருப்பதெல்லாம் மலை, அந்த மலையில் தண்ணீர். கீழே ஜொகன்னஸ்பேர்க்கும் அதைச் சுற்றிய ஆலைகளும் சுரங்கங்களும் தண்ணீருக்குத் தவிக்கின்றன.

1986 ஜனவரியில் தென்னாபிரிக்கா லெசோதோவின் எல்லைகளை முடக்கியது. சில நாட்களில் அங்கே இராணுவப் புரட்சி நடந்து ஆட்சி மாறியது. அதே வருடம் ஒக்டோபர் 24 அன்று தண்ணீர் ஒப்பந்தம் கையெழுத்தானது. கழுத்தில் கை வைத்துக்கொண்டு போட்ட கையெழுத்து என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியிருந்தும் அந்த ஒப்பந்தத்தின் விலைச் சூத்திரம் மோசமில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சூத்திரம் இதுதான். லெசோதோவின் தண்ணீர் கிடைக்காவிட்டால் தென்னாபிரிக்கா என்ன செய்யும்? அதே ஆறு மலையை விட்டிறங்கித் தன் நாட்டுக்குள் வந்தபின் தண்ணீரை எடுத்து, பம்பு போட்டு மேலே ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு செலவு. மலையிலேயே அணை கட்டிச் சுரங்கம் வழியாக விட்டால் தண்ணீர் தன் பாட்டில் இறங்கி வரும். செலவு குறைவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மிச்சம். அந்த மிச்சத்தில் 56 வீதம் லெசோதோவுக்கு, 44 வீதம் தென்னாபிரிக்காவுக்கு. விளக்கத்துக்காக ஒரு கணக்கு: பம்பு வழிக்கு 100 ரூபாய், மலை வழிக்கு 60 ரூபாய் என்றால் மிச்சம் 40. அதில் லெசோதோவுக்கு 22 ரூபாய் 40 சதம். தண்ணீரைக் கொண்டுபோகும் கட்டுமானச் செலவும் தென்னாபிரிக்காவின் பொறுப்பு.

கிளிநொச்சியில் இருப்பவர்களுக்கு இதைப் படிக்கும்போது ஒரு குளம் கண்ணுக்குள் வந்திருக்கும். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு வந்தபோது இங்கே விவசாயிகள் மறுத்தார்கள். சிறுபோகத்துக்கே குளத்துத் தண்ணீர் எல்லோருக்கும் போதாதே என்பது அவர்களின் கேள்வி. இழுபறிக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கான குடிநீர் வேறு வழியால் வந்தது. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். கடல்நீரின் உப்பைப் பிரிக்க ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 அலகு மின்சாரம் பிடிக்கும்.

இது இரண்டு நாடுகளின் சண்டை கிடையாது, யாழ்ப்பாணத்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள், அங்கே கிணறுகள் பழுதாகிக்கொண்டிருப்பதும் உண்மை. விலைக் கணக்குக்காக மட்டும் சொல்கிறேன்: லெசோதோச் சூத்திரத்தில் பார்த்தால், தாளையடியின் செலவுக்கும் இரணைமடுக் குழாயின் செலவுக்கும் உள்ள வித்தியாசமே குளத்துத் தண்ணீரின் பெறுமதி. அப்படி ஒரு கணக்கை மேசையில் வைத்துப் பேசியிருந்தால், வாய்க்கால் திருத்தமோ வரட்சி ஆண்டுக்கான இழப்பீடோ கேட்க விவசாயிகளுக்கு ஓர் எண்ணாவது கையில் இருந்திருக்கும். “தருவீர்களா, மாட்டீர்களா” என்ற கேள்வியிலேயே பேச்சு நின்றுபோனது. தண்ணீரே இல்லாத ஆண்டில் எந்தச் சூத்திரமும் வயலுக்குப் பாயாது என்று விவசாயிகள் சொன்னால் அதற்கு என்னிடம் பதில் இல்லைதான்.

லெசோதோவின் கதையும் முழுக்க இனிப்பானதில்லை. 1998 ஜனவரியில் தண்ணீர் போகத் தொடங்கியது. அதே வருடம் செப்டெம்பரில், தேர்தலுக்குப் பிந்திய குழப்பத்தை அடக்க என்று தென்னாபிரிக்கப் படைகள் உள்ளே வந்தன. அவற்றின் ஒரு பிரிவு தலைநகருக்குப் போகாமல் இந்தத் தண்ணீரைத் தேக்கும் காட்சே அணைக்குப் போனது. அங்கே காவலில் இருந்த லெசோதோப் படையினர் பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். குழப்பம் தலைநகரில், துப்பாக்கி அணையில். பெரியவருக்கு எது முக்கியம் என்று அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

விலை ஒப்பந்தத்திலேயே பூட்டப்பட்டுவிடுவதும் உண்டு. பிரேசிலும் பராகுவேயும் 1973இல் இத்தாய்ப்பு அணைக்கு ஒப்பந்தம் செய்தன. 14,000 மெகாவாட், ஆளுக்குப் பாதி. பராகுவேக்குத் தன் பாதியில் சிறு பகுதியே தேவைப்பட்டது. மிச்சத்தை யாருக்கு விற்பது? பிரேசிலுக்கு மட்டும்தான் என்று ஒப்பந்தம் சொன்னது. அதற்குக் கிடைத்த ஈட்டுத்தொகை சொற்பம். பல வருட முறுகலுக்குப் பிறகு, தேர்தலில் இதையே முழக்கமாக்கி வென்ற ஒரு சனாதிபதி 2009இல் அந்தத் தொகையை வருடத்துக்கு 120 மில்லியன் டொலரிலிருந்து 360 மில்லியனாக உயர்த்த பிரேசிலை இணங்க வைத்தார். அணையும் தண்ணீரும் அப்படியே இருந்தன. பிரேசிலில் அப்போது இருந்தது அயல் நாடுகளின் நல்லெண்ணத்தை விரும்பிய அரசு. காலம் பார்த்துக் கேட்பதும் ஒரு வேலை.

கோடும் நீதிமன்றமும்

இனி எனக்குப் பிடித்த கதை, கிழக்குத் திமோர். பதின்மூன்று இலட்சம் பேர் வாழும் தீவுப் பாதி. தெற்கே கடலுக்கு அப்பால் அவுஸ்திரேலியா. இடையில் கடலடியில் எண்ணெயும் எரிவாயுவும்.

1972இல் அவுஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் கடலடி எல்லையைக் கீறின. அவுஸ்திரேலியாவின் கண்டமேடை நீண்டு போகிறது என்ற வாதத்தில் கோடு திமோர்ப் பக்கமாக ஒதுங்கி விழுந்தது. அப்போது கிழக்குத் திமோரை ஆண்ட போர்த்துக்கல் அதில் சேரவில்லை, எனவே கோட்டின் நடுவில் ஓர் இடைவெளி. 1975இல் இந்தோனேசியா திமோரைப் பிடித்தது. 1989இல் அந்த இடைவெளியில் இருப்பதைப் பங்கிட இந்தோனேசியாவும் அவுஸ்திரேலியாவும் ஒப்பந்தம் செய்தன. இரண்டு வெளிவிவகார அமைச்சர்களும் அதே கடலுக்கு மேலே பறந்த விமானத்தில் இருந்து கையெழுத்திட்டார்கள். கீழே இருந்த திமோர் மக்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

2002 மே 20 அன்று கிழக்குத் திமோர் சுதந்திர நாடானது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச்சில், கடல் எல்லைத் தகராறுகளில் சர்வதேச நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்திலிருந்து அவுஸ்திரேலியா விலகிக்கொண்டது. ஊர் நீதிமன்றத்தில் போடும் வழக்குக்கும் நாடுகளின் வழக்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: சர்வதேச நீதிமன்றத்துக்கு எதிராளியும் சம்மதித்தால்தான் வழக்கு நடக்கும். பிறக்கப்போகும் நாடு வழக்குப் போடும் என்று தெரிந்து, அது பிறக்கும் முன்பே கதவைச் சாத்திவிட்டார்கள்.

சுதந்திர நாளிலேயே ஓர் ஒப்பந்தம். இரண்டு நாடும் பங்கிடும் பொதுக் கடற்பகுதியில் எடுப்பதில் 90 வீதம் திமோருக்கு, 10 வீதம் அவுஸ்திரேலியாவுக்கு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பெரிய எரிவாயு வயலான ‘கிரேட்டர் சன்ரைஸ்’ அனேகமாகப் பொதுப் பகுதிக்கு வெளியே இருப்பதாகக் கோடு கீறப்பட்டிருந்தது, அதில் திமோருக்கு வந்தது ஏறத்தாழ 18 வீதம். அந்த வயல் திமோரிலிருந்து சுமார் 150 கிலோமீற்றர், அவுஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து சுமார் 450 கிலோமீற்றர். 2006இல் பங்கு ஐம்பதுக்கு ஐம்பது ஆனது, ஆனால் விலை இருந்தது: ஐம்பது வருடத்துக்கு எல்லையைப் பற்றிப் பேசக்கூடாது.

அந்தப் பேச்சுவார்த்தை நடந்த காலத்தில், உதவித் திட்டம் என்ற பெயரில் திமோரின் அமைச்சரவைக் கட்டடத்தைத் திருத்திக் கொடுத்தபோது அவுஸ்திரேலியப் புலனாய்வுத் துறை சுவருக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி வைத்தது என்ற குற்றச்சாட்டு 2013இல் வெளியே வந்தது. எங்கள் அப்பா லொறிக்காரரோடு பேரம் பேச முதல் குசினியில் அம்மாவிடம் சொன்ன அடி விலையை அந்த ஆள் வேலிக்கு அப்பால் நின்று கேட்டிருந்தால் எப்படி இருக்கும்? அதே வருடம் டிசம்பரில் திமோருடைய சட்டத்தரணியின் கன்பரா அலுவலகம் சோதனையிடப்பட்டுக் கோப்புகள் எடுக்கப்பட்டன. திமோர் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. எடுத்த ஆவணங்களை முத்திரையிட்டு வைக்குமாறும், திமோர் தன் சட்டத்தரணிகளோடு பேசுவதில் தலையிடக்கூடாது என்றும் 2014 மார்ச்சில் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அடுத்து வந்ததுதான் கெட்டிக்காரத்தனம். ஐ.நா. கடற் சட்ட உடன்படிக்கையில் ஒரு சின்னப் பொந்து உண்டு. எல்லைத் தகராறில் தீர்ப்புக்கு வரமாட்டேன் என்று ஒரு நாடு விலகலாம். ஆனால் அப்படி விலகிய நாட்டை, மறு தரப்பு கேட்டால், இணக்கக் குழு ஒன்றின் முன் கொண்டுவந்து உட்கார்த்தலாம். குழு சொல்வது கட்டுப்படுத்தாது, ஆனால் வர மறுக்க முடியாது. இந்த வழியை அதுவரை உலகில் எந்த நாடும் பாவித்ததில்லை. திமோர் 2013இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது, 2016 ஏப்ரலில் அந்தப் பொந்துக்குள் கையை விட்டது. குழுவுக்கு அதிகாரமில்லை என்ற அவுஸ்திரேலியாவின் வாதம் எடுபடவில்லை. அதே வருடம் யூலையில் தென்சீனக் கடல் தீர்ப்பைச் சீனா மதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த நாடும் அவுஸ்திரேலியாதான். இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்வது சிரமம்.

2018 மார்ச் 6 அன்று நியூயோர்க்கில் புதிய ஒப்பந்தம். எல்லை பெரும்பாலும் நடுக்கோட்டில். கிரேட்டர் சன்ரைஸில் திமோரின் பங்கு, எரிவாயு திமோருக்கு வந்தால் 70 வீதம், அவுஸ்திரேலியாவுக்குப் போனால் 80 வீதம். பதினெட்டில் இருந்து அங்கே வரப் பதினாறு வருடம் எடுத்தது. அதுவரை தாக்குப்பிடிக்க வேறு ஒரு வயலின் வருமானமும், 2005இல் சட்டம் போட்டுத் தொடங்கிய எண்ணெய்ச் சேமிப்பு நிதியும் இருந்தன. பக்கத்து வயல்காரரின் கொட்டிலைப்போல.

ஆனால் திமோர் முழுக்க வென்றுவிட்டது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த வயல் 1974இல் கண்டுபிடிக்கப்பட்டது, இன்னும் ஒரு சொட்டு விற்கப்படவில்லை. குழாய் தன் தென்கரைக்குத்தான் வரவேண்டும், வேலை தன் பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கவேண்டும் என்று திமோர் பிடிவாதம் பிடிக்கிறது. இடையில் 3,000 மீற்றரைத் தாண்டும் கடற்பள்ளம். 2019இல் இரண்டு வெளிநாட்டுக் கம்பனிகளின் பங்குகளைச் சேமிப்பிலிருந்து 650 மில்லியன் டொலர் கொடுத்து வாங்கிப் பெரும்பங்காளியாகவும் ஆகிவிட்டது. துணிச்சலா வீம்பா என்று என்னைக் கேட்டால், பாதி பாதி என்பேன்.

கோடு கீறிவிட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. பாக்கு நீரிணையில் 1974இலும் மன்னார் வளைகுடாவில் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் கோடு கீறின. முல்லைத்தீவிலோ மன்னாரிலோ ஒரு கரையோரக் கிராமத்தில் போய்க் கேளுங்கள், இரவில் அந்தக் கோட்டைத் தாண்டி வரும் இந்திய இழுவைப் படகுகளான றோலர்களைப் பற்றிச் சொல்வார்கள். அறுந்த வலையைத் தூக்கிக் காட்டுவார்கள். இழுவை மடித் தொழிலைத் தடைசெய்து இலங்கை 2017இல் சட்டம் போட்டது. சட்டம் கொழும்பில், இறால் கடலில்.

சின்னவர் எப்போதும் விற்பவராகவே இருக்கவேண்டும் என்றும் இல்லை. சிங்கப்பூர் மலேசியாவிடம் தண்ணீர் வாங்குகிறது. 1962 ஒப்பந்தப்படி ஆயிரம் கலனுக்கு மூன்று மலேசியச் சதம், 2061 வரை. விலையை மாற்றவேண்டும் என்று மலேசியா பலமுறை கேட்டது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று சிங்கப்பூர் காகிதத்தைக் காட்டியது. காட்டிக்கொண்டே, 2003இலிருந்து கழிவுநீரைச் சுத்திகரித்தும் 2005இலிருந்து கடல்நீரை நன்னீராக்கியும் தன் இரண்டாவது லொறியைத் தானே செய்துகொண்டது.

இவை எல்லாம் எங்கோ நடப்பவை என்று விட்டுவிட முடியாது. 2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் இரு நாட்டு மின்கட்டமைப்புகளையும் இணைப்பதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மன்னாரில் காற்றாலைகள் ஏற்கனவே சுழல்கின்றன, பூநகரியையும் பலர் கண்வைத்திருக்கிறார்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் காற்று இரவிலும் ஓயாது. நள்ளிரவுக்குப் பிறகு இங்கே தேவை குறைவு. மிஞ்சுவதை விற்கக் கடலைக் கடந்து ஒரு கம்பி, அதன் மறு முனையில் ஒரு வாங்குநர்.

போன கிழமை இதை அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“மீட்டர் எந்தக் கரையில பூட்டுவினம்?”